பூனை முடி, நாய் முடி: தையலுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன். வீட்டில் இரண்டு பூனைகளும் ஒரு நாயும் இருக்கின்றன. பிளவுஸ் அளவு கொடுக்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மெசினுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிற வெள்ளைப் பூனையைத்தான். தைத்த துணியில் முடி இல்லாததைப் பார்த்துவிட்டு, தங்கள் வீட்டுப் பாட்டைச் சொல்லத் தொடங்குவார்கள்.

எனக்கும் தொடக்கத்தில் தெரியாது. ஒரு கலியாணத்துக்குத் தைத்த கருநீல வெல்வெட் பிளவுசை விரித்துக் காட்டியபோது முதுகுப் பக்கம் முழுக்க வெள்ளை முடி. அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லை, தாயின் முகம் மாறிப் போனது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

ஒரு நாளைக்கு மூணு தரம் கூட்டுறன். பின்னேரம் பார்த்தா திரும்பவும் கிடக்கு. இவ்வளவு முடி எங்க இருந்து வருது?

ஒவ்வொரு முடியும் வளர்ந்து, சில காலம் நின்று, உதிர்ந்துபோக, அதே துளையில் புதிது முளைக்கும். குளிர் நாடுகளில் பகல் நீள்வதும் குறுகுவதும் உடம்புக்குத் தெரிந்து, வருடத்தில் இரண்டு முறை மொத்தமாகக் கொட்டும். மட்டக்களப்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட வராது. அதனால் வீட்டு விலங்குகளுக்கு இங்கே கொட்டுகிற காலம், கொட்டாத காலம் என்று பெரிதாக இல்லை. தை முதல் மார்கழி வரை கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டே இருக்கும்.

பின்னேரம் திரும்பக் கிடப்பது எல்லாம் புதிதாக உதிர்ந்ததும் அல்ல. காலையில் நீங்கள் கூட்டும்போது எழும்பிப் பறந்து செற்றியிலும் திரைச்சீலையிலும் ஏறியது, மின்விசிறியைப் போட்டதும் இறங்கி வருகிறது. எத்தனை தரம் கூட்டுகிறீர்கள் என்பதைவிட எப்படிக் கூட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

மறுகா எப்படிக் கூட்டுற? முதல்ல கூட்டுறதா, துடைக்கிறதா?

மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். மாபிள், ரைல்ஸ் தரையில் தும்புத்தடியை வீசிக் கூட்டினால் முடி முன்னே போகாது, மேலே போகும். ஒரு பழைய பருத்தித் துணியை நனைத்து, சொட்டு நீர் இல்லாமல் பிழிந்து, தும்புத்தடியின் அடியில் சுற்றிக் கட்டுங்கள். தூக்காமல் தரையோடு இழுத்து வாருங்கள். ஈரம் பட்ட முடி பறக்காது, உருண்டு திரளும். சுவரோரத்திலும் கட்டிலுக்குக் கீழும் தொடங்கி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கடற்கரைப் பக்கம் வீடென்றால் உள்ளே மணல் வராமல் இராது. மணலோடு ஈரத்துணியை இழுத்தால் தரை கீறும். அப்படியான நாளில் மட்டும் முதலில் குட்டையான, மெதுவான வாரலில் மணலை எடுத்துவிட்டு ஈரத்துணிக்குப் போங்கள்.

துணியை வாளியில் அலசுவதற்கு முன் திரண்ட முடியைக் கையால் எடுத்துக் குப்பையில் போடுங்கள். அலசின தண்ணீரோடு போனால் குழாய் அடைபடும், எங்கள் வீட்டில் ஒருமுறை குளியலறை நிலத்தைக் கிண்ட வேண்டி வந்தது.

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். பெனோல் சேர்ந்த கிருமிநாசினிகளைப் பூனை உள்ள வீட்டில் பாவிக்காதீர்கள். தண்ணீரில் விட்டதும் பால்போல வெளுக்கிறவற்றில் பல இந்த வகைதான். பூனையின் ஈரலுக்கு பெனோலை உடைத்து வெளியேற்றுகிற வலு குறைவு. ஈரத் தரையில் நடந்து, பிறகு காலை நக்கினாலே உள்ளே போய்விடும். கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் போதும்.

துணி செற்றியில ஒட்டினது தட்டினாலும் போகுதில்ல, துடைச்சாலும் போகுதில்ல. ஏன்?

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் முடியின் மேலே ஓட்டுக் கூரைபோல நுண்ணிய செதில்கள் அடுக்கியிருக்கின்றன. நெசவுக்குள் நுனி புகுந்துவிட்டால் செதில்கள் நூலில் கொழுவிக்கொள்ளும். தட்டினால் மேலே கிடக்கிறது பறக்கும், கொழுவினது அசையாது. அதை உருட்டித்தான் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு ரப்பரை மிஞ்சின சாமான் இல்லை.

பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையைப் போட்டு, நனைத்து, ஒரு தரம் உதறுங்கள். உள்ளங்கையை அழுத்தி ஒரு சாண் அளவு தன் பக்கம் இழுங்கள், கையைத் தூக்கி மறுபடியும் அதே திசையில் இழுங்கள். நாலைந்து இழுவையில் முடி திரி போலச் சேரும், எடுத்துப் போடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் வந்தது திரும்பப் புகுந்துகொள்ளும், பலர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான். தையல் மடிப்புக்கும் மூலைக்கும் பழைய பற்தூரிகை நல்லது. கையுறை இல்லாவிட்டால் கழுவிக் காயவைத்த ரப்பர் செருப்பின் அடியும் இதே வேலையைச் செய்யும். வெல்வெட் செற்றியில் கையுறையை இன்னும் நன்றாக உதறி, பஞ்சு படுத்திருக்கிற திசையில் இழுங்கள்.

ரெக்சின், பிரம்புக் கதிரை, ஓட்டோ சீற்றுக்கு இவ்வளவு பாடு இல்லை. ஈரத்துணியால் ஒரு துடை, முடிந்தது.

ஆனால் நான் வருகிற எல்லாருக்கும் முதலில் சொல்வது வேறு. உங்கள் பூனையோ நாயோ எந்த இடத்தில் படுக்கிறது என்று பாருங்கள். அங்கே ஒரு பழைய பருத்திச் சாறத்தை நாலாக மடித்து விரித்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வளவுக்குள் கொண்டுபோய் உதறுங்கள். பூனை தெரிந்தெடுத்த இடத்தை மாற்ற நினைத்துத் துரத்தினால் அது வீடு முழுக்கப் படுத்துப் பார்க்கும். படுக்கிற இடத்திலேயே முடியைப் பிடித்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும்.

செலோரேப்ப சுத்தி எடுத்தா போதாதா?

வாசலில் நின்று தோளில் கிடக்கிற நாலு முடியை எடுக்கப் போதும். ஒரு செற்றிக்கு ஒரு சுருள் முடிந்துவிடும், பசையும் துணியில் ஏறும். பசை ஏறின இடத்தில் அடுத்த நாள் இன்னும் கூட ஒட்டும்.

வேக்குவம் கிளீனர் வாங்கினா எல்லாம் சரியாகிருமா?

இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வாங்கத் தேவையில்லை. கம்பளம் விரித்த வீட்டுக்கும் மெத்தைக்கும்தான் அது கைகொடுக்கும். துணிக் கதிரைக்கு அதைப் போடுவதானாலும் முதலில் ரப்பர் கையுறையால் கொழுவினதைத் தளர்த்த வேண்டும். வாங்குகிறவர்கள் பையையும் வடியையும் அடிக்கடி வெறுமையாக்குங்கள். முடி நிறைந்தால் இழுவை போய்விடும், மோட்டரும் சுடும். அந்த வேலையை வீட்டுக்கு வெளியே செய்யுங்கள்.

உடுப்ப வாஷிங் மெசினில போட்டா போயிரும்தானே?

போகாது. இதைத்தான் எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். தண்ணீரில் முடி உடுப்பை விட்டு இறங்கி, மற்ற உடுப்புகளில் ஒட்டி, பிழியும்போது நூலோடு நூலாக முறுகிக்கொள்ளும். காய்ந்த பிறகு எடுப்பது முன்னதைவிடக் கஷ்டம். முதலில் காய்ந்தபடியே வெளியே உதறி, ஈரக் கையுறையால் ஒரு இழுவை இழுத்து, பிறகு போடுங்கள். நாய் படுத்த விரிப்பையும் வெள்ளை உடுப்பையும் ஒரே தண்ணீரில் போடாதீர்கள். மெசினுக்குள் இருக்கிற சின்ன வலைப்பையை ஒவ்வொரு முறையும் கழற்றித் துப்புரவாக்குங்கள். முடிந்ததும் ஈரத்துணியால் டிரம்மைத் துடையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கூடை உடுப்பில் வந்து நிற்கும்.

கடைசி அலசலில் அரைக் கோப்பை வெள்ளை வினாகிரி விட்டால் நூல் இளகி முடி கழன்று வரும். ஆனால் வெளுக்கிற குளோரினோடு வினாகிரியைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்கு ஆபத்து. ஒன்றைப் பாவித்தால் மற்றது வேண்டாம். காயப்போட முன் ஒவ்வொரு உடுப்பையும் பலமாக உதறுங்கள். கொடியில் காற்று அடித்து மீதியைக் கொண்டுபோகும், நமக்குத் தனியாக உலர்த்தி மெசின் தேவையில்லை.

மகன்ட பள்ளிக்கூடச் சேர்ட் வெள்ளை, நாய் கறுப்பு. விடிய அவசரத்தில என்ன செய்யிற?

விடிய செய்ய வேண்டாம், இரவே செய்யுங்கள். அயர்ன் பண்ண முன் மேசை விரிப்பைப் பாருங்கள், முடி அதிகம் ஏறுவது அங்கிருந்துதான். சூட்டோடு அழுத்தினால் முடி துணிக்குள் படிந்துவிடும், ஆகவே அயர்னுக்கு முன்னேயே கையுறையை இழுங்கள். அயர்ன் பண்ணினதை அலுமாரிக்குள் கொழுவிக் கதவைச் சாத்துங்கள். கதிரை முதுகில் போட்டுவிட்டுப் படுத்தால் இரவில் அது பூனையின் மெத்தை.

பிள்ளை நாயிடம் போய்க் கொஞ்சுவதைத் தடுக்க வேண்டாம், அது இரண்டுக்கும் நல்லது. கொஞ்சிவிட்டு உடுக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். அப்படியும் ஒட்டினால் உள்ளங்கையைத் தண்ணீரில் தொட்டு ஒரே பக்கமாக வழியுங்கள்.

கச்சான் அடிக்கிற நாளில என்ன செய்தாலும் உடுப்பு முடிய இழுக்குது. அது எப்படி?

மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமில்லாமல் சூடாக நம் பக்கம் இறங்குகிற காற்று அது. காற்றில் ஈரம் குறைந்தால், துணியும் முடியும் உரசும்போது உண்டாகிற நிலைமின் இறங்க வழியில்லாமல் நிற்கும். பொலியெஸ்ரர், நைலோன் உடுப்புகள் அதை நன்றாகப் பிடித்து வைத்து, காந்தம்போல முடியை இழுக்கும். பருத்தி கொஞ்சம் ஈரத்தைத் தன்னுள் வைத்திருப்பதால் அவ்வளவு இழுக்காது. வைகாசி தொடங்கி ஆவணி வரை வீட்டில் பருத்தி உடுப்பை உடுத்துங்கள். வெளியே போக முன் கையை ஈரமாக்கி உடுப்பின் மேல் தடவுங்கள். அறையைத் துடைப்பதை மத்தியானக் காற்றில் வைக்காமல் காற்று எழும்ப முன் விடியவே முடித்துவிடுங்கள்.

மாரியில் கதை தலைகீழ். முடி பறப்பது குறையும், ஆனால் உடுப்பு காயாமல் வீட்டுக்குள் கொடி கட்ட வேண்டி வரும். அந்தக் கொடிக்குக் கீழே நாய் உடம்பை உதறும். கொடி கட்டின அறையில் மட்டும் அதை விடாதீர்கள்.

மருதமுனைக் கைத்தறிச் சாறியும் இருக்கு, பட்டும் இருக்கு. ரெண்டுக்கும் கையுறை போடலாமா?

கைத்தறிப் பருத்திக்குப் போடலாம். நெசவு கொஞ்சம் இளக்கமாக இருப்பதால் முடி ஆழமாகக் கொழுவும், ஆனால் ரப்பருக்கு விட்டுக்கொடுக்கும். மெதுவாக இழுங்கள், நூல் நகர்ந்துவிடக் கூடாது.

பட்டுக்கு ஈரம் வேண்டாம், தண்ணீர்ப் புள்ளி நிற்கும். சரிகையில் ரப்பர் பட்டால் இழை கிளம்பும். காய்ந்த, மெல்லிய தூரிகையால் கரையிலிருந்து கரைக்கு ஒரே திசையில் துடையுங்கள். சரிகையில் ஒட்டின ஒன்றிரண்டு முடியைச் சின்னக் கிடுக்கியால் எடுங்கள். பட்டைப் பழைய பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் இந்த வேலையே வராது.

பன்பாய்க்குள்ளயும் நுளம்பு வலைக்குள்ளயும் போனத எப்படி எடுக்கிற?

பன்பாயை நனைக்காதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும். வெளியே கொடியில் தலைகீழாகப் போட்டுத் தடியால் தட்டுங்கள். பிறகு காய்ந்த தூரிகையால் பின்னல் ஓடுகிற வழியில் வாருங்கள், குறுக்கே வாரினால் பன் கிழியும்.

நுளம்பு வலை நைலோன், கச்சானுக்குச் சொன்ன காரணத்தால் இழுத்துப் பிடிக்கும். கழற்றி, குளியலறையில் வாளித் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு அமுக்கி எடுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், கண் விரிந்தால் நுளம்பு உள்ளே வரும். மருந்து ஊட்டிய வலையென்றால் பைக்கற்றில் எழுதியிருக்கிறபடிதான் கழுவ வேண்டும்.

டீச்சர், பூனை முசல்லாவுல போய்ப் படுக்குது. தொழுற நேரம் மனசு சரியில்ல. என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியைக் காத்தான்குடியிலிருந்து தைக்க வருகிற பிள்ளை கேட்டது. ஊரில் பலர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். மார்க்கச் சட்டத்தை மௌலவியிடம் கேளுங்கள். துணியைப் பற்றி நான் சொல்கிறேன். தொழுகைக்கு விரிக்கிற முசல்லாக்கள் பெரும்பாலும் வெல்வெட் போலப் பஞ்சு எழும்பினவை, ஆகவே வெல்வெட் செற்றிக்குச் சொன்ன வழி அப்படியே பொருந்தும். தொழுதவுடன் சுருட்டி அலுமாரியில் வையுங்கள். விரித்தபடி கிடந்தால் பூனை அதை விடாது. அதே அளவில் வேறொரு தடித்த துணியை அது படுக்கிற மூலையில் போட்டுவிடுங்கள். பிள்ளை ஒரு மாதம் கழித்து வந்து, பூனை புதுத் துணிக்குப் பழகிவிட்டது என்று சொன்னது.

பொமரேனியன மொட்டையடிச்சு விட்டா வெக்கையும் குறையும், முடியும் குறையும்தானே?

தயவுசெய்து அடிக்காதீர்கள். பொமரேனியனுக்கு மேல் முடி, உள் முடி என்று இரண்டு அடுக்கு. அந்த அடுக்கு குளிரை மட்டுமல்ல, வெயிலையும் மறைக்கும். ஒட்ட வெட்டினால் தோல் வெயிலில் எரியும். சில நாய்களுக்குத் திரும்ப முளைப்பதே இல்லை, முளைத்தாலும் திட்டுத் திட்டாக முளைக்கும். விழுவதும் நிற்காது, நீளமாக விழுந்தது குட்டையாக விழும். குட்டை முடியைத் துணியிலிருந்து எடுப்பது இன்னும் கஷ்டம்.

வெக்கைக்கு நிழலும் தண்ணீரும் ஈரத் தரையும் கொடுங்கள். முடிக்குச் சீப்புப் போடுங்கள்.

சீப்பு எடுத்தாலே ஓடுது. எப்படி வாருற?

சாப்பிட்டு முடித்துச் சோம்பி இருக்கிற நேரம் பாருங்கள். முதல் வாரம் கன்னத்திலும் கழுத்திலும் மட்டும், இரண்டு நிமிடம். அதுவே தலையைக் கொண்டுவந்து தேய்க்கும். பிறகு முதுகு. வயிற்றையும் வாலையும் அது விடும்வரை தொடாதீர்கள். குட்டை முடிக்கு ரப்பர்ப் பற்கள் உள்ள தூரிகை, நீள முடிக்கு அகலப் பற்சீப்பு. வாசலுக்கு வெளியே, காற்றுக்கு முதுகு காட்டி இருந்து வாருங்கள். சீப்பில் வருகிற ஒவ்வொரு பிடி முடியும் செற்றிக்குப் போகாத முடி. பூனையென்றால் அது நக்கி விழுங்கிச் சத்தி எடுக்கிற முடிச்சுகளும் குறையும்.

நாயைக் குளிப்பாட்ட நம்முடைய ஷாம்பூ வேண்டாம், தோல் காய்ந்து இன்னும் கொட்டும். குளிப்பாட்ட முன் வாருங்கள், நனைந்த முடி சிக்கிக்கொள்ளும். சாப்பாட்டில் உப்பும் தூளும் போடாமல் அவித்த மீன் கொஞ்சம் சேர்த்தால் முடி மினுங்கும். வெங்காயம், உள்ளி போட்ட மிச்சக் கறியை நாய்க்கும் பூனைக்கும் வைக்காதீர்கள், அவை இரண்டும் அவற்றின் இரத்தத்தைக் கெடுக்கும்.

கொட்டுறது அளவா, வருத்தமா எண்டு எப்படித் தெரியும்?

உடம்பு முழுக்க ஒரே சீராக உதிர்ந்து, கீழே தோல் தெரியாமல் இருந்தால் பயமில்லை. வட்டமாக வழுக்கை, செதில், சிவப்பு, விடாமல் சொறிவது, ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருப்பது, இவற்றில் எது கண்டாலும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வட்ட வழுக்கை படர்தாமரையாக இருக்கலாம். அது பிள்ளைகளுக்கும் தொற்றும், உதிர்ந்த முடியில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். அந்த நேரம் விரிப்புகளைத் தனியாக எடுத்துத் துவையுங்கள், முடியை வெளியே உதறாமல் ஈரத்துணியால் எடுத்துக் கட்டிப் போடுங்கள்.

தெள்ளு இருந்தாலும் சொறிந்து கொட்டும். நாய்க்கு வாங்கின தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், பூனை வலிப்பு வந்து செத்துப்போகும். சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுகிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது நக்குகிற வாய்க்குள் நஞ்சாகப் போகிறது.

சின்னவனுக்கு இழுப்பு. முடியாலதான் எண்டு எல்லாரும் சொல்றாங்க. உண்மையா?

பூனையால் வரலாம், ஆனால் அதைச் செய்வது முடி அல்ல. பூனையின் எச்சிலிலும் தோல் எண்ணெயிலும் இருக்கிற ஒரு புரதம் பொடுகோடு சேர்ந்து காற்றில் மிதக்கும். முடி அதைச் சுமந்து வருகிற வாகனம் மட்டும். அதனால்தான் முடி கண்ணில் படாத வீட்டிலும் இழுப்பு வரும். மெத்தையில் இருக்கிற தூசிப் பூச்சிகளும் இதே வேலையைச் செய்யும், எது காரணம் என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும். பூனையை அனுப்பினாலும் அந்தப் புரதம் வீட்டில் பல மாதம் தங்கும் என்பதால், இரண்டு கிழமையில் குறையவில்லையே என்று முடிவெடுக்காதீர்கள்.

வைத்தியர் பூனைதான் என்று சொன்னால், பிள்ளை படுக்கிற அறைக்குள் பூனை போகாதபடி முழுதாக மூடுங்கள். தலையணை உறையைக் கிழமைக்கு ஒருமுறை சுடுதண்ணீரில் துவையுங்கள். கூட்டுவதை நிறுத்தி ஈரத்துணியால் மட்டும் எடுங்கள், பிள்ளை வெளியே போன நேரத்தில். இழுப்புக்குக் கொடுத்த பம்பை நிறுத்தாதீர்கள். இவ்வளவும் செய்தும் இழுப்பு அடங்கவில்லையென்றால் பூனைக்கு நல்ல வீடு தேடுவதுதான் சரி, பிள்ளையின் மூச்சுத்தான் முதல்.

எனக்கு நாலு மாசம். வயித்துக்குள்ள பூனை மயிர் போனா புள்ளைக்குக் கூடாதாம், மாமி சந்தையில கொண்டு விடச் சொல்றா. விடத்தான் வேணுமா?

வேண்டாம். பூனையால் கர்ப்பிணிக்கு வரக்கூடியது தொக்சோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி. அது முடியில் இல்லை, மலத்தில் இருக்கும். மலத்தில் வந்த உடனேயும் தொற்றாது, ஒரு நாளாவது கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். ஆகவே மலத்தை ஒவ்வொரு நாளும் வேறொருவர் எடுக்கட்டும். நீங்கள் தோட்டத்தில் மண் கிண்டினால் கையுறை போட்டு, பிறகு கையைக் கழுவுங்கள். மரக்கறியை நன்றாகக் கழுவுங்கள், இறைச்சியை முழுதாக வேகவையுங்கள். அரைவேக்காட்டு இறைச்சியிலிருந்தும் அதே ஒட்டுண்ணி வரும். பூனைக்குப் பச்சை இறைச்சி போடாதீர்கள். கிளினிக்கில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏணை கட்டப்போகிற அறையை இன்றிலிருந்தே மூடிப் பழக்குங்கள். பிள்ளை வந்த பிறகு மூடினால் பூனை கதவடியில் நின்று கத்தும்.

சந்தையில் விட்ட வீட்டுப் பூனைக்கு இரை தேடத் தெரியாது, நாய்க்கு ஒதுங்கவும் தெரியாது. மெசினுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிற என் வெள்ளை, கல்லடிப் பாலத்தடியில் உரப்பைக்குள் கட்டிக் கிடந்தது. கூட இருந்த மூன்று குட்டிகளுக்கும் உயிர் இல்லை. மாமியிடம் நான் வந்து கதைக்கிறேன் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கும் சம்மதிக்காவிட்டால் பூனை என்னிடம் இருக்கட்டும், துடக்குக் கழிந்த பிறகு வந்து தூக்கிக்கொண்டு போகலாம்.